பாலில் தோய்த்த ரொட்டி

இந்த மாதம் நான் எழுதவேண்டியது ஒரு நாவலைப் பற்றி. ஆசிரியர் மூன்று புத்தகங்கள் அனுப்பியிருந்தார், மூன்றையும் படித்துவிட்டேன். ஒன்று நன்றாக இருக்கிறது. நல்ல புத்தகம் ஒரு மாதம் காத்திருந்தால் கெட்டுப்போகாது. ஆகையால் அதைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன். மற்ற இரண்டும் எவ்வளவு காலம் காத்திருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. சென்ற எட்டு மாதங்களாக நான் மெய்யான அக்கறையுடன் ஒன்றோடொன்று ஒப்பிட்டும், நோட்டுப் புத்தகத்தில் குறிப்பு எழுதியும், சில வேளைகளில் கோபித்துக்கொண்டும் ஆராய்ந்து வந்திருக்கும் பொருள் வேறு. அது ரொட்டி, கோதுமை சேராத ரொட்டி. இலக்கியத்துக்கு ஒதுக்கிய பக்கத்தில் தின்பண்டத்துக்கு இடம் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். ஒரு பொருளை இன்னொன்றைப் போலச் செய்ய முயலும்போது எது தேறுகிறது, எது தேறுவதில்லை என்று பார்ப்பதைத் தவிர, பத்து வருஷமாக இந்தப் பக்கத்தில் நான் வேறு என்ன செய்துகொண்டிருந்தேன்?

ரொட்டி என்று நான் சொல்வதை இந்தக் காலத்துப் பிள்ளைகள் பிரெட் என்பார்கள். எங்கள் வீட்டில் அது ரொட்டிதான். அதுவும் தினசரி கண்ணில் படுகிற பண்டமல்ல. திருச்சியில் நான் சிறுவனாக இருந்தபோது, வீட்டில் யாருக்காவது ஜுரம் வந்தால் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு தெப்பக்குளத்துப் பக்கம் போவார். மெழுகுத்தாள் சுற்றிய ரொட்டி வரும். அம்மா ஓரங்களை வெட்டி எடுத்துவிட்டு, வெள்ளை வெளேரென்ற நடுப்பாகத்தைச் சுடுபாலில் தோய்த்துச் சர்க்கரை தூவிக் கரண்டியால் ஊட்டுவாள். வெட்டிய ஓரங்களை நின்றவாக்கிலேயே தன் வாயில் போட்டுக்கொள்வாள். எங்களைப் போன்ற குடும்பங்களில் ரொட்டிக்கு ஒரே அர்த்தம்தான்: உடம்பு சரியில்லை, ஆனால் சரியாகிவிடும். ஜுரம் விட்ட பிறகும் இன்னும் ஒரு வேளை அது கிடைக்கவேண்டும் என்பதற்காக, தலை வலிக்கிறது என்று நான் பொய் சொன்னதுண்டு.

இந்த முன்கதையைச் சொல்லாமல் மேலே போனால் வாசகர்களுக்கு விஷயம் விளங்காது. நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு வயிறு கெடத் தொடங்கியது. சாப்பிட்டது தங்கவில்லை. வாயில் புண். எடை 11 கிலோ குறைந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8க்கு வந்து நின்றது. மாத்திரைகளைத் தின்றும் ஏறவில்லை. பார்த்த டாக்டர்களில் ஒருவர் அல்சர் என்றார். ஒருவர் பூச்சி என்றார். மூன்றாமவர், நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்தவுடன் பேனாவை மூடிவிட்டு, “டென்ஷன்” என்றார். அவர்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போன இடம் ஒன்று உண்டு. காரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், வயிற்றுக்கு இதமாக ரொட்டி, ரஸ்க், மால்ட் பானம் என்று சாப்பிடுங்கள் என்பதுதான் அது. அம்மாவுக்கு இதைவிட வேறு உத்தரவு வேண்டுமா? 72 வயதில் அவளுக்கு மறுபடியும் ஒரு ஜுரக்காரப் பிள்ளை கிடைத்துவிட்டான். காலையில் நாலு துண்டு, ராத்திரி இரண்டு துண்டு, பாலில் தோய்த்து. இடையில் மால்ட். இரண்டு வருஷம் இப்படி நடந்தது.

ஐந்தாவதாகப் பார்த்த டாக்டர் இளம்பெண். வடக்கே படித்துவிட்டு வந்தவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, ரத்தத்தில் ஒரு பரிசோதனை செய்யச் சொன்னார். பிறகு வாய்வழியே குழாய் விட்டுச் சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். அதுவரை ரொட்டியை நிறுத்தக்கூடாது என்றும் எச்சரித்திருந்தார்; நிறுத்தினால் பரிசோதனை ஏமாற்றிவிடுமாம். ஸீலியாக் வியாதி என்று முடிவு வந்தது. கோதுமையிலும் பார்லியிலும் ரை தானியத்திலும் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைக் கண்டால், சிலருடைய உடம்பு அதை எதிரி என்று எண்ணிச் சண்டைக்குக் கிளம்புகிறது. சண்டை நடக்கும் இடம் குடல். சத்தை உறிஞ்சுவதற்காகக் குடலின் உள்சுவரில் நெருக்கமாக நிற்கும் நுண்ணிய விரல்கள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. மருந்து கிடையாது. கோதுமையை ஆயுள் முழுவதும் விட்டுவிட்டால் குடல் தானாகத் தேறும். 2016ல் வெளியான ஓர் இந்திய ஆய்வின்படி, வடக்கில் நூற்றில் ஒருவருக்குச் சற்று அதிகமாகவும் தெற்கில் ஆயிரத்தில் ஒருவருக்கும் இதைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் இருக்கின்றன. பிறவிக்கூறு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். கோதுமை தின்னும் அளவில்தான் வித்தியாசம். நம் ஊர் டாக்டர்கள் நாலு பேருக்கு இது நினைவுக்கு வராமல் போனதைப் பற்றி எனக்கு இப்போது கோபம் இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் சொல்லி முடித்த பிறகு, அலமாரியில் இருந்த ரொட்டியை எடுத்து வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்த்தாள்.

“அப்போ நான்தானேடா கொடுத்தேன்?” என்றாள்.

“டாக்டர் சொன்னாங்கம்மா. நீ கொடுத்தே.”

“கரண்டியால ஊட்டினது நான்தானே?”

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் என் தட்டில் எதையும் தானாகப் பரிமாறுவதை நிறுத்திவிட்டாள். பாத்திரங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “நீயே பாத்துப் போட்டுக்க” என்று நகர்ந்துபோனாள். 46 வருஷமாகச் சோறு போட்ட கை அது.

அவளைத் தேற்றுவதற்காக நான் வைத்தியச் சரித்திரம் படித்தேன். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்குமேல் நீடிக்காதவன் நான். அந்த இரண்டு வருஷமும் ரசாயனத்துக்குப் பயந்து கழித்தவன். இருந்தாலும் படித்ததில் ஒரு ரத்தினம் கிடைத்தது. இந்த வியாதியை நவீன காலத்தில் முதன்முதலில் தெளிவாக வருணித்தவர் லண்டன் டாக்டர் சாமுவேல் கீ. 1887ல் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஒரு சொற்பொழிவு செய்தார். அடுத்த வருஷம் அது அச்சாயிற்று. இந்த நோயாளி பிழைப்பதென்றால் ஆகாரத்தால்தான் பிழைக்கவேண்டும் என்று அவர் சரியாகவே கண்டுவிட்டார். பிறகு பத்தியம் சொல்கிறார். அரிசி ஆகாது என்கிறார். ஜவ்வரிசி ஆகாது என்கிறார். எது ஆகும்? ரொட்டியை மெல்லியதாக வெட்டி இரண்டு பக்கமும் நன்றாக வாட்டிக் கொடுக்கலாம் என்கிறார்! ரஸ்க்கும் கொடுக்கலாமாம். குற்றவாளியை மடியில் உட்கார்த்திவைத்துக்கொண்டு நிரபராதிகளைத் தெருவுக்குத் துரத்தியிருக்கிறார், பாவம்.

அதற்குப் பிறகு 1924ல் அமெரிக்காவில் ஸிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழப் பத்தியம் ஒன்றைக் கொண்டுவந்தார். குழந்தைகள் தேறின. வாழைப்பழத்தால் தேறின என்று எல்லோரும் நம்பினார்கள். பத்தியத்தில் ரொட்டி இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் கோதுமையின்மேல் விரல் நீட்டியவர் ஹாலந்து தேசத்து டாக்டர் டிக்கே. ஹேக் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருந்தவர். போருக்கு முன்பே அவருக்குச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்து பட்டினி கிடந்தது. ஜனங்கள் ட்யூலிப் கிழங்குகளைக்கூடத் தின்றார்கள். ரொட்டி கிடைக்காத அந்தக் காலத்தில் தம்முடைய நோயாளிக் குழந்தைகள் மோசமாகவில்லை என்பது அவருடைய சந்தேகத்துக்கு வலுவூட்டியது. 1950ல் உட்ரெக்ட் சர்வகலாசாலைக்கு அவர் எழுதிய ஆராய்ச்சி நூலில் விஷயம் ஊர்ஜிதமாயிற்று.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். ஹாலந்து விஷயத்தை அவள் சட்டைசெய்யவில்லை. லண்டன் டாக்டர் ரொட்டி கொடுக்கச் சொன்னார் என்ற இடத்தில் மட்டும் நிமிர்ந்தாள். “அவங்க அம்மா சொல்லிக் கொடுத்திருப்பாங்க” என்றாள். ஆனால் மறுநாளும் பாத்திரங்களை வைத்துவிட்டு நகர்ந்துதான் போனாள்.

இனி விமர்சனத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஓர் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லவேண்டும். “உனக்கென்னப்பா குறை? இட்லி இருக்கு, தோசை இருக்கு, இடியாப்பம் இருக்கு. ரொட்டிக்காக ஏன் அழறே?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது வாஸ்தவம். பஞ்சாபில் பிறந்து இந்த வியாதி வந்திருந்தால் என் கதி என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். அரிசியும் உளுந்தும், கேழ்வரகும், கம்பும், சோளமும் இருக்கிற சமையல்கட்டில் இந்த நோயாளி பட்டினி கிடக்கமாட்டான். (ஒரு ஜாக்கிரதை மட்டும் தேவை: கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா சேர்ந்திருக்கும். எனக்கு இது தெரிய ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் ரசம் குடித்து அவதிப்பட்டேன். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.) ஆனால் ரொட்டி கேட்பவனுக்கு இட்லி பதிலாகாது. காவியம் பெரியதுதான், நாவல் படிக்க ஆசைப்பட்டவனிடம் காவியத்தைக் கொடுத்துவிட்டு, இது அதைவிட உயர்ந்தது என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? வணங்கிவிட்டு வேறு கடைக்குப் போவான். எனக்கு வேண்டியிருந்தது ரொட்டி. அதிலும் பாலில் தோய்க்கிற ரொட்டி.

கோதுமையில் அப்படி என்ன இருக்கிறது என்று தெரியவேண்டுமானால் ராத்திரி எட்டு மணிக்கு எந்தப் பரோட்டாக் கடை வாசலிலும் போய் நில்லுங்கள். மாஸ்டர் மாவை விசிறிக் கல்லின்மேல் வீசுகிறார். அது வேட்டி மாதிரி விரிகிறது, கிழிவதில்லை. குளூட்டன் செய்யும் வேலை அது. லத்தீன் பாஷையில் அந்த வார்த்தைக்குப் பசை என்றே அர்த்தம். ரொட்டி மாவில் ஈஸ்ட் புளித்துக் காற்றை வெளியிடும்போது, இந்தப் பசை ஆயிரம் சிறு பலூன்களாக நின்று காற்றைப் பிடித்துவைக்கிறது. அடுப்பில் வெந்ததும் அந்த அமைப்பு அப்படியே இறுகிவிடுகிறது. அரிசி மாவுக்கு இந்தச் சக்தி கிடையாது. காற்று வரும், போய்விடும். ஆகவே குளூட்டன் இல்லாத ரொட்டி செய்கிறவன், தூண் இல்லாமல் மண்டபம் கட்டுகிறவன். அவன்மேல் எனக்கு அனுதாபம் உண்டு. அனுதாபத்தால் மதிப்பெண் கூட்டுவதில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் வாங்கியது ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஆன்லைனில் தருவித்தேன். காற்றுப் புகாத உறை. விலை 600 ரூபாய்க்கு மேல். பார்க்க அழகு, எல்லாத் துண்டுகளும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு. உறையைப் பிரித்ததும் ஒரு வாசனை வந்தது. ரொட்டிக்கடை வாசனை அல்ல. புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் வாளியின் வாசனை. அப்படியே தின்றால் மணல். வாட்டினால் மணல் கொஞ்சம் மொறுமொறுக்கிறது. வெண்ணெய் தடவினால் வெண்ணெய் ருசியாக இருக்கிறது. பாலில் போட்டேன். கரண்டியை எடுப்பதற்குள் காணாமல் போய்விட்டது. அடியில் கஞ்சி மட்டும் இருந்தது. ஆனால் உறையின் பின்பக்கத்தைப் படித்தபோது ஆச்சரியப்பட்டேன். மரவள்ளி மாவு: சேலத்துக்காரர்கள் ஜவ்வரிசி பண்ணுகிற சரக்கு. குவார் பிசின்: நம்முடைய கொத்தவரையின் விதைதான், ராஜஸ்தானத்தில் ஏராளமாக விளைவது. இசப்கோல் உமி: உலகத்துக்கெல்லாம் பெரும்பாலும் குஜராத்தும் ராஜஸ்தானமும் அனுப்புவது. இவ்வளவும் கப்பலேறிப் போய், ரொட்டியாகித் திரும்பி வந்திருக்கின்றன. நம்முடைய பழைய கதைகளை வெள்ளைக்காரர்கள் எழுதி நாம் திரும்ப மொழிபெயர்த்துப் படிக்கிறோமே, அந்த மாதிரி.

இரண்டாவது, சென்னையில் ஓர் அம்மாள் வீட்டிலேயே செய்து விற்பது. நேரில் போய் வாங்கினேன். நல்ல மனுஷி, அவருடைய மகனுக்கு இந்த வியாதியாம். ரொட்டி மேலே கோபுரமாக எழும்பியிருந்தது. வீட்டுக்கு வந்து வெட்டினால் கோபுரத்துக்கும் அடித்தளத்துக்கும் நடுவே ஒரு குகை. குகைக்குக் கீழே களி. இதில் போலித்தனம் இல்லை, அவசரம் இருந்தது. தண்ணீர் கூடிவிட்டது அல்லது ஆறுவதற்குமுன் எனக்குக் கொடுத்துவிட்டார். முதல் நாவல்களில் நான் அடிக்கடி பார்க்கிற குறை இது. ஆரம்பம் எழும்பி நிற்கும், உள்ளே வேகாமல் இருக்கும். இப்படிப்பட்டவர்களை நான் கடுமையாக எழுதுவதில்லை. அடுத்ததை நன்றாகச் செய்வார்கள்.

மூன்றாவதைப் பற்றி எழுதும்போது எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆரோக்கிய உணவு விற்கிற ஒரு கடை. பெயர் வேண்டாம். கண்ணாடிக்குள் பழுப்பு நிற ரொட்டிகள், மேலே “சிறுதானிய ரொட்டி” என்று பெரிய எழுத்து, கேழ்வரகுக் கதிர் படம். விற்கிற பையனிடம், “கோதுமை உண்டா?” என்று கேட்டேன். “இல்ல சார், ஃபுல்லா மில்லெட்” என்றான். உறையைத் திருப்பினேன். சேர்மானங்களில் முதலாவது மைதா. கேழ்வரகு நாலாவது, அதற்குப் பக்கத்தில் 8 சதவீதம் என்று அவர்களே அச்சடித்திருந்தார்கள். நான் சுட்டிக்காட்டியதும் அந்தப் பையன் உண்மையிலேயே திகைத்துப்போனான். அவனை யாரும் அதைப் படிக்கச் சொன்னதில்லை. சரித்திர நாவல் என்று அட்டை போட்டு, ஒரு ராஜாவின் பெயரை மட்டும் சரித்திரத்திலிருந்து எடுத்துக்கொண்டு, மற்றதெல்லாம் சினிமாவாக எழுதுகிறவர்கள் உண்டு. அதைப் படித்தவன் குடல் தேய்ந்துபோவதில்லை. இதைத் தின்றவன் குடல் தேயும். குளூட்டன் இல்லாதது என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குமேல் இருக்கக்கூடாது என்பது இந்நாட்டு உணவுச் சட்டம். சர்வதேச அளவும் அதுவே. சிறுதானியம் என்ற பெயருக்கு அப்படி எந்தக் கட்டும் இல்லை என்பதை, புதிதாக இந்தப் பத்தியத்துக்கு வருகிறவர்கள் முதல் நாளே தெரிந்துகொள்ளவேண்டும்.

வேறு சிலவும் பார்த்தேன். முட்டையும் வெண்ணெயும் தாராளமாகச் சேர்த்த ஒன்று ருசியாகவே இருந்தது; ஆனால் அது கேக். ரொட்டி என்று பெயர் வைத்ததால் கேக்குக்கு ஓர் இழப்பும் இல்லை, எனக்குத்தான்.

ஆக, நானே செய்வது என்று தீர்மானித்தேன். விமர்சகன் எழுத உட்காருவது ஆபத்தான காரியம். என் மனைவி அடுப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தாள், மகள் யூடியூபில் பாடம் எடுத்தாள், நான் மாவு பிசைந்தேன். அதுவே முதல் தப்பு. இந்த மாவைப் பிசையக்கூடாது. பிசைந்து வலுவேற்றுவதற்கு அதில் குளூட்டன் இல்லை. கரைத்து ஊற்றுகிற பதத்துக்குச் சற்று மேலே இருக்கவேண்டும். இரண்டாவது ரொட்டி செங்கல்லாக வந்தது. மூன்றாவது மேலே கருகி உள்ளே வேகாமல் இருந்தது. நாலாவதற்கு மட்டும் நண்பர்கள் பேச்சை மதித்து உளுந்து அரைத்துச் சேர்த்தேன். உளுந்தின் வழவழப்புக்குக் காற்றைப் பிடித்துவைக்கிற குணம் உண்டு, இட்லி உப்புவது அதனாலேதான். ரொட்டியும் உப்பியது. தெருமுனை வரைக்கும் இட்லி வாசனை அடித்தது. சாம்பார் ஊற்றித் தின்றோம்.

ஐந்தாவதிலிருந்து இசப்கோல் உமிக்கு வந்தேன். மருந்துக் கடையில் டப்பாவில் கிடைக்கிறதே, அதுதான். ருசியூட்டாத வெறும் உமி. தண்ணீரில் போட்டால் ஐந்து நிமிஷத்தில் கூழாக இறுகும். அந்தக் கூழ்தான் குளூட்டனுக்கு ஓரளவு பதில் நிற்கிறது. என் நோட்டுப் புத்தகத்தில் எட்டாவது ரொட்டிக்கு எழுதிய கணக்கை அப்படியே தருகிறேன், யாருக்காவது உபயோகப்படலாம். பச்சரிசி மாவு 100 கிராம், வெள்ளைச் சோள மாவு 80, மரவள்ளி மாவு 70. இசப்கோல் உமி 15 கிராம், அதை 270 மில்லி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொள்வது. உலர்ந்த ஈஸ்ட் 5 கிராம், சர்க்கரை ஒரு கரண்டி, உப்பு, இரண்டு கரண்டி எண்ணெய். எல்லாம் கலந்து நேரே தகரத்தில் இட்டு, ஒரே ஒரு தடவை உப்ப விட்டு, 200 டிகிரியில் ஒரு மணி நேரம். கேழ்வரகு சேர்த்தால் நிறம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஈரம் இறங்கிவிடுகிறது, கால்பங்குக்குமேல் வேண்டாம். சோளத்தை நம்பிக்கையான இடத்தில் வாங்கவேண்டும். கோதுமை அரைத்த மில்லில் அடுத்தாற்போல அரைத்த மாவு நமக்கு ஆகாது. நான் வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலித்துக்கொள்கிறேன்.

ரொட்டி வெளியே வந்தபின் இரண்டு மணி நேரம் அதைத் தொடக்கூடாது. உள்ளே மாவுச்சத்து ஆறித்தான் இறுகும். சூட்டில் வெட்டினால் களி. இந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று எழுதிப் புரியவைக்க என்னால் ஆகாது. மறுநாள் அது காய்ந்துவிடும், அரிசிச் சோறு குளிரில் விறைப்பது போல. ஆகவே அன்றைக்கே துண்டு போட்டு உறையவைத்து, வேண்டியபோது எடுத்து வாட்டுவது நல்லது. வாட்டுகிற யந்திரம் தனியாக இருக்கவேண்டும். பழையதில் உதிர்ந்து கிடக்கிற கோதுமைத் தூள் போதும் என்னைப் படுக்கவைக்க. புதிதாக ஒன்று வாங்கினோம். மகள் அதன்மேல் சிவப்பு மையால் “அப்பா மட்டும்” என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.

எட்டாவது ரொட்டியை எப்படி மதிப்பிடுவது? கோதுமை ரொட்டியைப் போல இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. பிய்த்தால் நூல் நூலாகப் பிரிவதில்லை, உடைகிறது. மேலோடு நன்றாக மொறுமொறுக்கிறது, கடையில் வாங்கிய எதையும்விட. சோளத்தின் லேசான இனிப்பு தெரிகிறது. கோதுமை ரொட்டியின் புளித்த வாசனையில் பாதிதான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தின்றால் ஏமாறமாட்டேன். ஏமாறவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. தழுவல் நாவல்களை நான் படிக்கிறபோதும், மூலத்தை மறக்கச் செய்கிறதா என்று பார்ப்பதில்லை; மூலத்தில் எதற்காக அழுதேனோ அந்த இடத்தில் இதிலும் ஏதாவது நடக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். என் ரொட்டியில் அந்த இடம் பால். ஐரோப்பிய ரொட்டி அங்கேதான் கரைந்துபோயிற்று. அழகும் அளவும் அதனிடம் இருந்தன, பாலில் நிற்கிற பலம் இல்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை எட்டாவது ரொட்டியைச் சமையல்கட்டு மேடையில் ஆறவைத்திருந்தேன். அம்மா வந்து பார்த்தாள். பக்கத்தில் இருந்த இசப்கோல் டப்பாவைக் கையில் எடுத்து, கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தாள்.

“இது மலச்சிக்கலுக்குக் கொடுக்கிறதாச்சேடா!”

“ஆமாம்மா.”

“இதையா ரொட்டியில போட்டே?”

“இதுதாம்மா ரொட்டியைப் பிடிச்சு நிறுத்துது.”

அவள் சிரித்தாள். எட்டு மாதத்தில் ரொட்டி இருக்கிற இடத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு அரிசி மாவு டப்பாவைப் பார்த்தாள். சோள மாவைப் பார்த்தாள். ஈஸ்ட் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கோதுமை இல்லைதானே?” என்று கேட்டாள். இல்லை என்றேன். மகளைக் கூப்பிட்டு அவளிடமும் கேட்டாள். பாட்டி, நானே படிச்சுப் பார்த்துட்டேன் என்று அவள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகு, அம்மா கத்தியை எடுத்தாள்.

பால் காய்ந்தது. இரண்டு துண்டு வெட்டினாள். பழக்கம் போகவில்லை, ஓரங்களை நறுக்கித் தனியாக வைத்தாள். நடுப்பாகத்தைக் கிண்ணத்தில் போட்டுப் பாலை ஊற்றிச் சர்க்கரை தூவினாள். நாங்கள் மூன்று பேரும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். துண்டு பாலைக் குடித்தது, உப்பியது. ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்தது. கரையவில்லை. அம்மா கரண்டியால் மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள், முழுசாக வந்தது. ஊட்டுவாளோ என்று நினைத்தேன். ஊட்டவில்லை. கரண்டியைக் கிண்ணத்தில் வைத்து, கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் நின்றவாக்கிலேயே ஓரத்துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

“உப்பு போதலைடா” என்றாள்.